திங்கட்கிழமைத் தந்தி

தென்காசி ஜவுளிக்கடை சேக் மைதீனுக்குப் பலவேசம் தர வேண்டிய பாக்கி நூற்றுப் பதினேழு ரூபாய் எட்டணா. அதற்கு வட்டி கிடையாது. வட்டி வாங்குவது சேக் மைதீனுக்கு ஆகாது. பலவேசம் தன் மூத்த மகள் கல்யாணத்துக்குக் கூறைப்புடவையில் தொடங்கி, சம்பந்தி வீட்டாருக்கு எடுத்த துண்டு வரைக்கும் அந்தக் கடையில் கடனாக எடுத்ததுதான். சீசன் மாதங்களில் பலவேசம் குற்றாலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவான். மற்ற நாளில் தென்காசி பஜாரில் மூட்டை தூக்குவான். எண்ணெய்க் கையில் காசு நிற்காது என்பார்கள். மூட்டை தூக்குகிற தோளிலும் அது நிற்கவில்லை. ரெண்டு வருஷத்தில் பாக்கி ஒரு சல்லி குறையவில்லை.

அவனிடம் இருந்த ஒரே சொத்து ஒரு பசுவும் கன்றும். இலஞ்சியில் வீட்டுக்குப் பின்னால் நின்றது. காலைப் பால் காப்பிக்கடைக்கு, சாயங்காலப் பால் தெருவுக்கு. அந்தப் பால்காசில்தான் பெண்சாதி முத்துவடிவு அடுப்பெரித்தாள்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆனி பிறந்ததும் சேக் மைதீன் ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். கப்பலுக்கு எழுதிப் போட்டதில் அவர் பெயர் வரவில்லை. பம்பாயில் போய்க் காத்துக் கிடந்தால், வராமல் போனவர்களுடைய இடத்தில் கடைசிக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிப் புறப்பட்டார். புறப்படுமுன் தெரிந்த வீடெல்லாம் ஏறி இறங்கிப் பயணம் சொன்னார். அறிந்தும் அறியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுவிட்டுத்தான் மக்கத்துக்குக் கிளம்ப வேண்டும். அப்படி இலஞ்சிக்கும் வந்தார். கூட அவருடைய மச்சினன் துல்கர்னைன். அவர் போனபின் கடையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவன் அவன்தான்.

பலவேசம் அவர்களைத் தூரத்தில் கண்டதும் மாட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"ஏன்வே ஒளியுதீரு? நான் பாக்கி கேக்க வரல. பொறுத்துக்கிடச் சொல்லிக் கேக்க வந்தேன்," என்றார் சேக் மைதீன்.

"நாந்தான மொதலாளி ஒங்ககிட்ட அதைக் கேக்கணும்."

"அதுக்கும் ஒரு வழி சொல்லிட்டுத்தான் கெளம்புவேன். நான் கப்பல் ஏறிட்டேன்னா, ஏறுன அன்னைக்கே ஒம்ம பாக்கிய விட்டாச்சு. ஒருத்தன் தலையில கடனை ஏத்தி வச்சுட்டு மக்கத்துல போயி நிக்க எனக்கு மனசில்ல."

"கப்பல் கெடைக்காமத் திரும்பிட்டீங்கன்னா?"

"திரும்பிட்டா நான் யாபாரிதான். ஆடி ஒண்ணாந்தேதி ரூவாயோட வாரும். இல்லன்னா பசுவையும் கன்னையும் அவுத்துட்டு வாரும்."

துல்கர்னைன் மாட்டைச் சுற்றி வந்து ஒருதரம் பார்த்துக்கொண்டான்.

அன்றிலிருந்து பலவேசம் இலஞ்சிக் குமாரர் கோயிலில் தினமும் போய் நின்றான். முதலாளிக்கு மக்கத்துக் கப்பலில் ஓர் இடம் கொடு என்று முருகனிடம் கேட்டவன் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

தந்தி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. பலவேசம் ஜவுளிக்கடையில் துணிப் பொதியை இறக்கிக்கொண்டிருந்தான். தந்திச் சேவகன் சைக்கிளை நிறுத்தியதுமே கடைக்குப் பின்கட்டில் இருந்த வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. தந்தி என்றால் சாவு. சேக் மைதீனின் மனைவி சைதூன் பீவி நிலைப்படி வரைக்கும் வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துல்கர்னைன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் படித்தது அரபியும் தமிழும்.

"பலவேசத்துக்கிட்ட குடு. அவருதான் இங்கிலீஷ் படிக்காருல்ல," என்றாள் சைதூன் பீவி.

அது உண்மைதான். இலஞ்சியில் கூலிக்காரர்களுக்குப் பொழுதடையும் நேரத்தில் ஜெபமலர் டீச்சர் பாடம் நடத்தினார். நாற்பது வயதுக்குமேல் போய் உட்கார்ந்து பலவேசம் தமிழ் படித்தான். பிறகு, சீசனுக்கு வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேச உதவும் என்று இங்கிலீஷ் எழுத்தும் பழகினான். டீச்சர் சுவரோரம் நின்று 'கம்' என்றால் அவரைப் பார்த்து நடந்து வர வேண்டும். 'கோ' என்றால் வாசலைப் பார்த்து நடந்து போக வேண்டும். நாள் முழுக்க மூட்டை தூக்கிய காலோடு அவன் நடந்து நடந்து படித்த சொல் அந்த ரெண்டும். அடித்து எழுப்பிக் கேட்டாலும் மறக்காது.

காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டினான். மண்டே என்று இருந்தது, திங்கட்கிழமை. அடுத்த சொல்லின் முதல் எழுத்து 'ஜி'யாக இருந்தால் 'கோயிங்'. முதலாளி போகிறார், பசு தப்பித்தது. அவன் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். 'சி'. கமிங். கீழே மைதீன் என்று பெயர்.

"சொல்லும்வே," என்றான் துல்கர்னைன்.

போறாக என்று சொன்னால் அந்தக் கடையில் மறுத்துப் பேச ஆளில்லை என்று பட்டது. நிலைப்படியில் நின்றவள் முகத்தைப் பார்த்தான்.

"பயப்படாதீங்கம்மா. திங்கக்கிழமை வாராகளாம்."

"சரியாத்தான் சொல்லுதாரு," என்று சொல்லிவிட்டுச் சேவகன் சைக்கிளை எடுத்தான்.

சைதூன் பீவி அப்படியே உட்கார்ந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை என்றதில் முதலில் முகம் தெளிந்தது. பிறகு, "அப்ப கப்பல் கெடைக்கலையா, பாவம்," என்று முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

"கெடைக்கலன்னா என்னக்கா, அடுத்த வருசம் போறாக," என்று துல்கர்னைன் தேற்றினான். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "ஆடிக்கு நம்ம வீட்ல பசும்பாலு. என்னவே, நான் சொல்லுதது சரிதான?" என்றான்.

பலவேசம் பொதியைத் தூக்கினான். அது முன்னைவிடக் கனத்தது.

திங்கட்கிழமை கொல்லம் மெயிலுக்கு எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். பெட்டி தூக்கப் பலவேசமும் போனான். வண்டி வந்தது, நின்றது, போனது. சேக் மைதீன் இறங்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் வந்த வண்டியில் அவர் சாடையில் ஒருவர் இறங்கினார். துல்கர்னைன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, தொங்கிய முகத்தோடு திரும்பினான்.

ஊர்வாய் சும்மா இருக்குமா. பம்பாயில் வாந்திபேதி என்றான் ஒருத்தன். ரயிலில் மயக்கப்பொடி தூவிப் பணத்தைப் பறித்துக்கொண்டு ஆளைத் தள்ளிவிடுகிறார்கள் என்றான் இன்னொருத்தன். பம்பாயில் யாத்திரைக்காரர்கள் தங்குகிற இடத்துக்குத் தந்தி அடித்தார்கள். பதில் இல்லை. வந்த தந்தியை ஒரு வாத்தியாரிடம் காட்டினார்கள். அவரும் திங்கட்கிழமை வருகிறார் என்றுதான் வாசித்தார். சைதூன் பீவி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து வந்தாள். வண்டி தாண்டிப் போனால் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பலவேசத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூட்டை வேலையை விட்டுவிட்டுக் குற்றாலத்துக்குப் போனான். சாரல் நின்று பெய்தது. பட்டணத்துக்காரர் ஒருவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டான். அவர் குளித்து, துவட்டி, கூட வந்தவரிடம், "ஓகே, ஐ ஆம் கோயிங்," என்று சொல்லிவிட்டு விடுதிப் பக்கம் நடந்தார்.

பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த சுடலையாண்டி, "கோயிங்னா என்ன?" என்று கேட்டான்.

"போறேன்னு சொல்லுதாரு."

"காலங்காத்தால வாய் கூசாமச் சொல்லுதான் பாரு, போறேன்னு. இவனுக்கு வீடு வாசல், பிள்ளகுட்டி கெடையாதா?"

பலவேசம் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். டீச்சர் வகுப்பிலும் இதே தகராறு வந்ததுண்டு. பாடம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது ஐ ஆம் கோயிங் என்று சொல்லச் சொன்னார். ஒருத்தனும் சொல்லவில்லை. வெறுமனே போறேன் என்று சொன்னால் போனவன் போனவன்தான். போயிட்டு வாரேன் என்பதுதான் வழக்கம். அவசரமானால் வாரேன். இங்கிலீஷில் பயப்பட வேண்டாம், அது வெறும் நடைதான் என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. கடைசியில் எல்லாரும் கமிங் டீச்சர், கமிங் டீச்சர் என்று சொல்லிக்கொண்டே இருட்டில் கிளம்பிப் போனார்கள்.

கடல் தாண்டிப் போகிற மனிதர், பெண்சாதிக்குச் சேதி அனுப்பும்போது, போறேன் என்றா சொல்லுவார்? திங்கட்கிழமை போயிட்டு வாரேன் என்று எவனிடமாவது சொல்லியிருப்பார். எழுதுகிறவன் கடைசிச் சொல்லைப் பிடித்து எழுதியிருப்பான். வார்த்தைக்கு இவ்வளவு காசு என்கிறபோது நீட்டி முழக்கவா செய்வான்.

எழுந்து ஓடிப்போய்ச் சொல்லிவிடத்தான் நினைத்தான். தென்காசிப் பாதையில் நன்னகரம் தாண்டும்போது கால் தானாகவே மெதுவாயிற்று. நேரே இலஞ்சிக்குத் திரும்பி, முத்துவடிவிடம் சொன்னான்.

"நல்ல சேதிதான. அந்தப் பொம்பள பட்டினி கெடந்து சாகுதா. போயிச் சொல்லும்," என்றாள்.

"சொன்னா என்ன சொல்லுவாக தெரியுமா? முதலாளி கப்பல் ஏறிட்டாருன்னா என் கடன் இல்ல. அன்னைக்கு வாராகன்னு வாசிச்சவன், இன்னைக்குப் பசுவுக்காகப் போறாகன்னு மாத்துதான்னு சொல்லுவாக."

"சொல்லட்டும்."

"சொன்னா நம்ப மாட்டாகட்டி. நம்பாத சேதியச் சொல்லி என்ன செய்ய? அந்தம்மா ஒரு வாய்க் கஞ்சி குடிக்கணும்லா."

முத்துவடிவு அரிசி களையப் போனாள். அவன் பின்பக்கம் போய் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் சொல்வது நிஜம்தானா என்று அவனுக்கே அடித்துச் சொல்ல முடியவில்லை. பசு தப்பிக்க வேண்டும் என்கிற ஆசைதான் அர்த்தத்தைத் திருப்புகிறதோ என்று ஒரு பயம். அந்தப் பயத்திலேயே பொழுது விடிந்தது.

விடிந்ததும் பால் கறக்காமலே பசுவை அவிழ்த்தான். முத்துவடிவு வாசலில் வந்து மறித்தாள்.

"எங்க ஓட்டுதீரு? ஆடி இன்னும் பொறக்கல."

"இது இங்க நிக்க வரைக்கும் என் வாய்ப்பேச்சுக்கு வெலை இல்ல, முத்து."

அவள் வழியை விட்டு விலகினாள். பிறகு கன்றை அவிழ்த்துப் பின்னால் விட்டாள்.

கடை அப்போதுதான் திறந்திருந்தது. பலவேசம் பசுவைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய், மாட்டுத் தொழுவில் இறுக்கிக் கட்டிவிட்டு, பின்வாசலில் நின்றான். சைதூன் பீவி முறத்துக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். மகள் மெஹர் பானு பக்கத்தில் இருந்தாள்.

"யம்மா, மொதலாளிகிட்டப் பட்ட கடனுக்குப் பசுவும் கன்னும் கொண்டாந்துட்டேன். கடன் தீந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

துல்கர்னைன் வந்து எட்டிப் பார்த்தான். "என்னவே, நாள் வரதுக்கு முந்தியே ஓட்டிட்டு வந்துட்டீரு. மாட்டுக்குச் சீக்கா? எங்க தலையில கட்டப் பாக்கீரா?"

"வாயத் தொறந்து பல்லைப் பாரும். மடியப் பாரும். இன்னைக்குக் கறக்கக்கூட இல்ல."

"நான் இருக்க இருப்புல எனக்கு மாடு ஒண்ணுதான் கொறச்சல்," என்றாள் சைதூன் பீவி. குரலே எழும்பவில்லை.

"சொல்லுங்கம்மா. சொன்னாத்தான் நான் வந்த விசயத்தைச் சொல்ல முடியும்."

"தீந்தது, போதுமா?"

பலவேசம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"மொதலாளி காணாமப் போகல. கப்பல் ஏறிட்டாகன்னு நெனைக்கேன். இங்கிலீஷ்ல வாரதுக்கு ஒரு வார்த்தை, போறதுக்கு ஒரு வார்த்தை. தந்தியில இருக்கது வாரேன்தான். நான் தப்பா வாசிக்கல. ஆனா யம்மா, கெளம்பும்போது நாம என்ன சொல்லுதோம்? வாரேன்னுதான சொல்லுதோம். அவுக போயிட்டு வாரேன்னு சொன்னதை எழுதுனவன் அப்படியே போட்டுட்டான்."

"பாரு, பசு கைய விட்டுப் போகவும் புதுசா ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சு..." என்று துல்கர்னைன் ஆரம்பித்தான். பாதியில் நின்றுவிட்டது. அவன் தொழுவைப் பார்த்தான்.

"அது ஒங்க கட்டுல நிக்குது. எனக்கு இதுல இனிமே என்ன இருக்கு?" என்றான் பலவேசம்.

சைதூன் பீவி முன்னால் இருந்த முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"அந்தப் போறதுக்கு உள்ள இங்கிலீஷ் வார்த்தை, அது அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"தெரிஞ்சாலும் சொல்ல மாட்டாக. ஒரு நா கடைக்குக் கெளம்புத அவசரத்துல போறேன்னு வாயில வந்துட்டு. தெருமொனை வரைக்கும் போனவுக திரும்பி வந்து, உக்காந்து, ஒரு மடக்குத் தண்ணி குடிச்சுட்டு, வாரேன்னு சொல்லிட்டுப் போனாக." அவள் மகள் பக்கம் திரும்பினாள். "இத்தனை நாளு எனக்குத் தோணலையே."

"அக்கா, இது இவரு நெனைப்புதான. நெசம்னு யாரு கண்டா?"

"மெஹர் பானு, கஞ்சி கெடந்தா ஊத்திக் கொண்டா," என்றாள்.

கிண்ணம் வந்தது. ரெண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பலவேசம், அவுக திங்கக்கிழமை கப்பல் ஏறிட்டாகன்னா, திங்கக்கிழமையே ஒம்ம கடன் போச்சு. அவுக விட்ட கடனுக்கு நான் மாட்டை வாங்கிக் கட்டுனா, அவுக மக்கத்துல நின்னு கேக்குத துஆ எப்படி ஏறும்? மாட்டை ஓட்டிட்டுப் போயிட்டு வாரும்."

"அக்கா, ஒருவேளை அவுக ஏறலன்னா?"

"ஏறலன்னா அவுக எங்கலே இருக்காக? அதைச் சொல்லு. அப்படி இருந்தா எனக்கு மாடு எதுக்கு, ரூவா எதுக்கு?" என்றாள். துல்கர்னைன் பக்கம் விரலை நீட்டினாள். "நூத்திப் பதினேழரை ரூவாயும் விட்டாச்சு. நீதான் சாட்சி. அவுக வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்லணும்."

பலவேசம் தொழுவுக்குப் போனான். வரும்போது இறுக்கிப் போட்ட முடிச்சு. சாரலில் கயிறு நனைந்து ஊறியிருந்தது. விரலால் நெம்பிப் பார்த்தான், அசையவில்லை. துல்கர்னைன் தொழுவுக்கு வந்தான்.

"தள்ளும்வே," என்று குனிந்து, பல்லால் கடித்து முடிச்சை இளக்கி, கயிற்றை அவன் கையில் கொடுத்தான்.