யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்

அந்த ஆல்பத்தை யார் எங்கே ஓடவிட்டாலும், அது முடியும்வரை பெரியவளுக்குக் குரல் இருக்காது. முதல் வாரம் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது என்று நாளெல்லாம் சொல்வது வேலை. திடீரென்று பாதி வாக்கியத்தில் குரல் நின்றுவிடும். வாய் அசையும், மூச்சு வரும், ஒலிபெருக்கியில் காற்று மட்டும் கேட்கும். பயணிகள் தவறான பேருந்தில் ஏறி, தவறான ஊரில் இறங்கினார்கள். சிலர் அங்கேயே வேலை தேடிக்கொண்டு தங்கியும்விட்டார்கள். "என்னக்கா, குரலுக்கும் வார லீவு குடுத்துட்டீங்களா?" என்றார் டிக்கெட் கவுன்டர்காரர். தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது, குரல் மட்டும் வெளியே போயிருக்கிறது என்றார். மாத்திரை எதுவும் எழுதவில்லை.

போன இடம் சீக்கிரமே தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பையின்மேல் தலைவைத்துப் படுத்திருந்த ஒரு பெண் போனில் சத்தமாகப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே தாளம் திரும்பத் திரும்ப வந்து ஆளைக் கிறங்கடிக்கும் டிரான்ஸ் இசை. ஏதோ தேசத்துத் தோல்முரசு, ஏதோ மலையின் குழல், அடியில் மெஷினின் உறுமல். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெண்குரல் வார்த்தையில்லாமல் ராகம் இழுத்துக்கொண்டிருந்தது. அது யார் குரலென்று பெரியவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்த நாட்களில், வலி ஏறும்போதெல்லாம் அம்மாவின் காதில் அவளே பாடியது அது. அப்போது அந்த அறையில் இன்னொரு ஆளாக இருந்தது அவள் தங்கை மட்டும்தான். சின்னவள் தன் வீட்டுப் பின்னறையில் கம்ப்யூட்டரும் கீபோர்டும் வைத்து இசை செய்கிறவள். அம்மாவின் தலைமாட்டில் ரெக்கார்டரை வைத்ததும் அவள்தான். "அம்மா குரல் நமக்கு வேணும்லக்கா" என்றிருந்தாள். இது தனக்குத் தோன்றவில்லையே என்று பெரியவள் அன்று அழுதாள். ஆனால் அம்மா அந்த நாட்களில் பேசவே இல்லை.

பதிவானதைச் சின்னவள் தொழில் வழக்கப்படி சுத்தம் செய்திருந்தாள். அம்மாவின் இருமல், நர்ஸின் செருப்புச் சத்தம், பாடுகிறவள் மூச்சு வாங்கும் இடங்கள், எல்லாவற்றையும் வெட்டிவிட்டாள். பாட்டு அதனால் எங்கும் நிற்காமல் ஓடியது. பெரியவளிடம் மூச்சு மட்டும் மிஞ்சியதற்குக் காரணம் அதுதான் என்று விவரம் தெரிந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

குரல் வந்த ஒரு இடைவெளியில் பெரியவள் போன் செய்தாள்.

"அது என்னுதுதானேடி?"

"எது அக்கா?"

"நடிக்காத. அம்மாவுக்குப் பாடினது."

"ரெண்டு வரி ஹம்மிங்தானேக்கா. நான் எடுக்கலன்னா காத்தோட போயிருக்கும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்னிருப்ப."

பெரியவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். எங்கோ யாரோ பாட்டை ஓடவிட்டார்கள். சின்னவள் இரண்டு தடவை ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு, அக்கா கோபத்தில் வைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் ரேடியோவில் சின்னவளின் பேட்டி வந்தது. குரல் யாருடையது என்று கேட்டார்கள். "ஒரு மலைக்கிராமத்துல கிடைச்சது. பாடினவங்க இப்ப உயிரோட இல்ல" என்றாள். பெரியவள் இதைக் காய்கறிக் கடையில் நின்று கேட்டாள். பொறுக்கிய தக்காளியைத் திருப்பிக் கூடையில் வைத்துவிட்டு, நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள்.

"என்னைச் சாகடிச்சிட்டியேடி" என்றாள் வாசலிலேயே.

சின்னவள் முதலில் நம்பவில்லை. பாட்டை ஓடவிட்டாள், அக்காவின் பேச்சு நின்றது. நிறுத்தினாள், வந்தது. ஸ்விட்சைச் சரிபார்ப்பதுபோலத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தபின் பாட்டை ஒரேயடியாக நிறுத்தினாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுத்துடறேன்க்கா. சத்தியமா. எல்லா இடத்துலேர்ந்தும் எடுத்துடறேன்." பெரியவள் நம்பினாள். தங்கையின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

சில நாட்களில், தூக்கம் வராதவர்களுக்காக விடியவிடிய ஓடும் பதிப்பு ஒன்று வெளியானது. அதற்குப்பின் பூமியில் எந்நேரமும் எங்காவது ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவளின் குரல் வீட்டுக்கு வருவதே நின்றுபோனது. நிர்வாகம் நியாயமாகவே நடந்துகொண்டது. பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருட்களைக் காக்கும் அறைக்கு அவளை மாற்றியது. அங்கே குடைகள், டிபன் பாக்ஸ்கள், ஒற்றைச் செருப்புகள், ஒருமுறை யாருடையதோ பல்செட். பேச வேண்டிய அவசியமில்லை. தங்கையின் படம் போட்ட போஸ்டர்களை நிலையத்தின் சுவரில் ஒட்டினார்கள், மழையில் கிழிந்தன, மேலே புதிதாக ஒட்டினார்கள். சின்னவள் அந்தப் பக்கம் வரவே இல்லை.

ஆறாம் வருடம் ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. ஒரு பிற்பகல் பெரியவள் இருமியபோது, அதில் சத்தம் இருந்தது. பிறகு ஒரு "ம்" வந்தது. பிறகு முழு வாக்கியங்கள். கேட்பாரற்ற குடைகளிடம் மெதுவாகப் பேசிப் பார்த்துக்கொண்டாள். தங்கையிடம் சொல்லி அனுப்பவில்லை.

சின்னவள் அடுத்தடுத்துப் போட்ட ஆல்பங்களை யாரும் சீண்டவில்லை. கடைசியில் ஒருநாள் அந்த அறைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். பொருள் தேடி வந்தவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவை பாடிக் குடு. இந்தத் தடவை உன் பேரைப் போடறேன். பெருசாப் போடறேன்."

பெரியவள் தொண்டையைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று தலையாட்டினாள்.

"என்கிட்டயேவா?" சின்னவள் போனை நீட்டினாள். இந்த நிமிடம் எத்தனை பேர் அந்தப் பாட்டைக் கேட்கிறார்கள் என்று அது காட்டிக்கொண்டிருந்தது. பூஜ்யம். "உலகத்துலயே ஒருத்தரும் கேக்கலக்கா. உனக்குக் குரல் இருக்கு. என்னைத் திட்டவாவது செய்."

பெரியவள் போனை வாங்கினாள். கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு அவளே பாட்டை ஓடவிட்டு, மேஜைமேல் வைத்தாள்.

முரசு வந்தது, குழல் வந்தது, மூச்சே வாங்காமல் அவள் குரல் வந்தது. சின்னவள் நிறுத்தக் கை நீட்டினாள். பெரியவள் அந்தக் கையை எடுத்துத் தங்கையின் மடியிலேயே வைத்தாள். இருவரும் முழுக்கக் கேட்டார்கள். நடுவில் ஒருவர் வந்து, பாட்டு ஓடுவதைப் பார்த்து, மரியாதையாக வாசலில் காத்திருந்தார். அது முடிந்ததும் அவர் உள்ளே வந்து, நேற்று ஒரு குடையை விட்டுவிட்டதாகச் சொன்னார்.

"கறுப்பா, நீலமா?" என்று பெரியவள் கேட்டாள்.

சின்னவள் நிமிர்ந்தாள்.

"நீலம்மா. பிடி உடைஞ்சிருக்கும்."

"இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்றுவிட்டு, பெரியவள் எழுந்து அலமாரிகளுக்குள் போனாள்.