கத்தி நிற்கும் நேரம்

சிரிக்கக் கூடாது. என்ன ஆனாலும் சிரிக்கக் கூடாது. தர்பூசணி பழுத்திருக்கிறதா என்று பார்ப்பவரைப் போல அத்தான் கிளட்சைக் காதருகே வைத்துத் தட்டுகிறார். தட்டட்டும். அடுத்து முகர்ந்து பார்ப்பார். ஐயோ, முகர்கிறார்!

அவள் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

“என்ன வாலு, தொண்டையா?” என்றாள் அக்கா.

“தூசிக்கா.”

அந்தத் தொழிற்கூடம் அக்காவுடையது. டிராக்டருக்குப் பிறந்த குட்டி போலிருக்கும் புல்வெட்டும் வண்டிகளைச் செய்கிறார்கள். ஓட்டுபவர் மேலே உட்கார்ந்திருப்பார். அடியில் கத்தி சுழலும். புது மாதிரியை வரைந்தவள் தங்கையான இவள். அதற்கு மின்காந்தக் கிளட்ச் வேண்டும். சுவிட்சை இழுத்தால் காந்தம் இரும்புத் தட்டைக் கப்பென்று பிடித்துக் கத்தியைச் சுழற்றும். அமுக்கினால் பிடியை விட்டுவிடும். உள்ளேயே இருக்கும் பிரேக் கத்தியை நிறுத்தும். எந்தக் கிளட்ச் என்பது தங்கையின் முடிவு என்று அக்காவே எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பல் விளக்கும்போதுகூடத் தன்பாட்டுக்குச் சிரித்து, கண்ணாடியெல்லாம் நுரை.

முற்றத்தில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்றில் சம்பந்தி அனுப்பிய கிளட்ச் ஏற்கெனவே பொருத்தியாகிவிட்டது. அத்தான் கையில் இருப்பது இவள் வரவழைத்தது, இன்னொன்றில் ஏறவேண்டியது. சம்பந்தி என்பது சும்மா பேச்சுக்கு. கிளட்ச் விற்பவர். அக்கா மகளை அவர் மகனுக்குக் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மத்தியானம் சாப்பிட வருகிறார். அப்போது கிளட்ச் விஷயமும் தெரிந்துவிடும் என்று அவரிடம் அக்கா சொல்லிவைத்திருந்தாள். என்ன முடிவு வரவேண்டும் என்று தங்கையிடம் மட்டும் சொல்லவில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்த தாளிப்பு வாசனை ஊரையே சாப்பிடக் கூப்பிட்டது.

சம்பந்தியின் கிளட்ச் முதல் இழுப்பிலேயே பிடித்தது. புல் சரசரவென்று விழுந்தது. அக்கா முகம் மலர்ந்தது. இவளுடையதோ, பொருத்தி இழுத்ததும் வழுக்கியது. கீச்சென்றது, கருகல் நாற்றம் அடித்தது, கத்தி அரைமனதாக அசைந்தது.

“முடிஞ்சுதுல்ல? வா, கை கழுவு” என்றாள் அக்கா.

“இரு அக்கா. இது இப்பத்தான் பெட்டியைவிட்டு வந்திருக்கு. அவர் அனுப்பினதோட தட்டைப் பாரு, எவ்வளவு பளபளப்பு! அதை ஏற்கெனவே பழக்கி அனுப்பியிருக்காங்க. இதையும் பழக்கினாத்தானே ஒப்பிட முடியும்?”

“புதுச் செருப்பு மாதிரியா மேடம்?” என்றார் வெல்டர்.

“அதேதான். பாதி வேகத்துல எஞ்சினை வச்சு, இழுக்கணும், விடணும், ஆறவிடணும். திரும்பத் திரும்ப.”

வெல்டர் ஏறி உட்கார்ந்தார். “புடி!” என்று இழுத்தார். “விடு!” என்று அமுக்கினார். அடுத்த முறை முற்றமே சேர்ந்து கத்தியது. இழுத்துப் பார்க்க ஒரு வரிசையே நின்றது. கணக்கர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்து இழுத்தார். அத்தான் தன் முறை முடிந்தும் இறங்க மறுத்தார்.

“குழந்தை மாதிரி பண்ணாதீங்க” என்று அவரை விரட்டிய அக்கா, தானே ஏறி ஒரு தடவை இழுத்தாள். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை.

கீச்சுச் சத்தம் தேய்ந்து மறைந்தது. வண்டியைப் புல்லுக்குள் விட்டார்கள். கத்தி வெண்ணெயாய்ப் பிடித்து, அத்தான் தலையில் புல் மாரி பொழிந்தது. தங்கை சுவிட்சை அமுக்கினாள். ஏய் என்பதற்குள் கத்தி நின்றது.

அடுத்து சம்பந்தியின் கிளட்ச் உள்ள வண்டியின் சுவிட்சை அமுக்கினாள். கத்தி சுழன்றது. வெல்டர் மூக்கைத் துடைத்து, கைக்குட்டையை மடித்து, பைக்குள் வைக்கும்வரை சாவகாசமாகச் சுழன்றது.

“விருந்தாளி மாதிரி. கிளம்புறேன் கிளம்புறேன்னு சொல்லிட்டு வாசல்லயே நிக்குது!” என்றார் அத்தான்.

எல்லோரோடும் சேர்ந்து அவளும் வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரிப்பின் நடுவிலேயே மனக்கண்ணில் ஒரு கை தெரிந்தது, யாருடையதோ. சிக்கிய புல்லை எடுக்க அடியில் நீளும் கை. பிரேக்கின் இடைவெளியைச் சரிசெய்து மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதே சாவகாசம்.

சம்பந்தி வந்துவிட்டார். சாப்பிடப் படியேறும்போது அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வாலு, அவர் கேட்டா நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. பொண்ணு ஆசைப்படுறா. அவருக்கோ முன்கோபம். மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்.”

சரிக்கா என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யோசிக்கும் முன்பே வரும் சொல் அது. முடி வெட்டிக்கொள்வதிலிருந்து படிப்பு வரைக்கும் அவள் அக்காவிடம் வேறு பதில் சொன்னதில்லை. அதில் வருத்தமும் இருந்ததில்லை. அக்கா நல்லதைத்தான் தேர்ந்தெடுத்தாள். ஆனால் இத்தனை நாளாகத் தன்னைத் துள்ளவைத்தது காந்தம் இல்லை என்று இப்போது புரிந்தது. நீ என்ன சொல்கிறாய் என்று யாரோ கேட்டுவிட்டார்கள், அதுதான். அவள் மணிக்கட்டை மெல்ல விடுவித்துக்கொண்டு படியேறினாள்.

சம்பந்தி கலகலப்பான மனிதர். இரண்டாம் முறை குழம்பு கேட்டார், அத்தான் தலையில் மிச்சமிருந்த புல்லை எடுத்து, “இதுவும் மெனுவுல உண்டா?” என்றார். நல்ல மனிதர்தான் என்று அவளுக்குப் பட்டது. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

“என்னம்மா, நம்ம சரக்கு எப்படி?”

“பிடிக்கிறது நல்லாப் பிடிக்குது மாமா. விட்டப்புறம் கத்தி சீக்கிரம் நிக்கல. எங்க வண்டிக்கு ஆகாது.”

அவர் கை தட்டிலேயே நின்றது. அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள்.

“விளையாடுறா சம்பந்தி, இவளுக்கு எப்பவும் இதே வேலை. வாலு, நல்லா இருக்குன்னு சொல்லு.”

அவள் தண்ணீர்க் குவளையை நிரப்பி, அவர் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

“மாட்டேன்க்கா.”