செவ்வாய்க்கிழமை பதினோரு மணி

மூன்றாவது செவ்வாய்க்கிழமையும் பதினோரு மணி வாக்கில் துர்காவுக்கு நெட் போய்விட்டது. முதல் இரண்டு செவ்வாய்களில் அது தனியாகப் போகவில்லை, அவளுடைய வேலையையும் கூடவே இழுத்துக்கொண்டு போயிருந்தது.

செராமிக் டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு வருடமாக உள்ளூர்ச் சூளை ஒன்றில் கோப்பைகளை மெருகுக் கலவையில் முக்கிக்கொண்டிருந்தவளை குஜராத்தில் ஒரு டைல்ஸ் கம்பெனி வீடியோவில் நேர்காணலுக்கு அழைத்தது. பத்தே முக்காலுக்கு உட்கார்ந்தாள், நெட் போனது. போனால் போகிறது என்று அடுத்த செவ்வாய் அதே நேரத்துக்கு மறுபடியும் கூப்பிட்டார்கள். அன்றைக்கும் போனது. புதன்கிழமை மெயில் வந்தது, வேறு ஆளை எடுத்துக்கொண்டார்களாம். அந்த மெயிலை நாலு தடவை படித்துவிட்டு துர்கா வாய்விட்டு அழுதாள்.

கீழ்வீட்டில் பெரியப்பா நடராசன் குடும்பம், மாடியில் துர்காவும் அம்மா பெரியநாயகியும். இரண்டு வீட்டுக்கும் ஒரே லைன். ரவுட்டர் கீழே டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து படிக்கட்டு ஓரமாக ஒரு வயர் ஏறி மாடியில் இன்னொரு பெட்டிக்குப் போகும். துர்கா வயரை மாற்றிப் பார்த்தாள், பெட்டியை அணைத்துப் போட்டாள். வைஃபை கோடெல்லாம் முழுசாக நின்றது, நெட் மட்டும் இல்லை. "என் போன்லயும் வரலடி" என்று அம்மாவும் சொன்னாள்.

பிறகு என்ன சந்தேகம்? பெரியம்மா பாஞ்சாலைதான். மாடியில் ஒரு விசிறி வாங்கினாலே வயிறு எரிகிறவள். துர்கா வாசலில் நின்று தெருவே கேட்கச் சண்டை போட்டாள். வியாழக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு மணவாளநல்லூர் போய், கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதினாள். மனுசனிடம் கிடைக்காத நியாயத்தை சாமியிடம் மனுவாகக் கொடுக்கிற இடம் அது. தொண்ணூறு நாளுக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்பு சொல்லிவிடும் என்பது இந்தப் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். 'என் நெட்டை நிறுத்தி என் பிழைப்பைக் கெடுத்த கை விளங்காமல் போக வேண்டும்' என்று எழுதினாள்.

"கையின்னு எழுதாதடி, பாவம்" என்றாள் பெரியநாயகி.

என்ன மனசு என் அம்மாவுக்கு, பாஞ்சாலைக்குக்கூட இரக்கப்படுகிறாளே என்று துர்கா உருகிப்போனாள். ஆனாலும் அந்த வார்த்தையை அடிக்கவில்லை. சீட்டைச் சுருட்டி, அதே கோயிலில் முனியப்பர் சந்நிதி முன்னால் இருந்த வேலில் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தாள்.

இன்று நேர்காணலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சும்மா வேறு வேலை தேடிக்கொண்டிருந்தாள். நெட் போன அதே நிமிடம் கீழே டிவியில் நாடகம் அலறிக்கொண்டிருந்தது. அந்த டிவி ஓடுவதே நெட்டில்தான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

"ஏங் கை வெளங்கக் கூடாதுன்னு கட்டிட்டு வந்தவதான நீ? வா, நல்லா நோண்டிப் பாரு" என்றாள் பாஞ்சாலை. டிவி சத்தத்தைக் குறைக்கக்கூட இல்லை.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் பாஸ்வேர்டு இருந்தது. லேப்டாப்பில் வயரைச் செருகி உள்ளே போனாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. தடை என்ற பக்கத்தைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமை, பத்தே முக்கால் முதல் பன்னிரண்டு வரை. அதன் கீழே இரண்டு பெயர்கள், துர்காவின் போனும் துர்காவின் லேப்டாப்பும். வேறு யாருக்கும் தடை இல்லை.

இதெல்லாம் பாஞ்சாலைக்குத் தெரியாது, அவளுக்கு ரிமோட்டில் நாலு பொத்தான்தான் தெரியும். துர்கா நெட் லைன்காரர் தேவநாதனுக்குப் போன் போட்டாள். இரண்டு கையும் கீபோர்டில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாந்தாம்மா போட்டன்" என்றார் அவர். "ஒங்கம்மா வந்து அழுதாங்க. எவனோ ஒரு பையன் செவ்வாக்கெழம செவ்வாக்கெழம பதினோரு மணிக்கு ஒன்ன வீடியோவுல கூப்புடுறானாம், இழுத்துக்கிட்டுப் போயிடுவான்னாங்க. பொண்ணு வாழ்க்கையாச்சேன்னு செஞ்சன். இப்ப எடுத்துடவா?"

பாஞ்சாலை அப்போதுதான் டிவியை அணைத்தாள். "பெத்தவளே பொண்ணுக்குக் கெட்ட பேரு கட்டியிருக்கா பாரு" என்று சிரித்தாள். சாயங்காலத்துக்குள் அந்தச் சிரிப்பு தெரு முழுக்கப் போய்விடும்.

மாடியில் பெரியநாயகி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நேர்காணல் அன்றைக்குச் சத்தம் வரக்கூடாதென்று மிக்ஸிகூடப் போடாத அம்மா. நெட் போனதும் முதுகைத் தடவிக்கொடுத்து மோர் கொடுத்த அம்மா. துர்கா அவள் எதிரே போய் நின்றாள்.

"பையனாம்மா? எந்தப் பையன்?"

பெரியநாயகி கீரையைக் கீழே வைத்தாள். "ஒங்கப்பாவும் போயிட்டாரு. நீயும் அவ்ளோ தூரம் போயிட்டா நா இந்த வூட்ல யாரோட இருப்பன்? வேல விசயம்னு சொன்னா அந்த லைன்காரரு நெட்ட நிறுத்துவாரா?"

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ இருந்திருப்பியா?"

பெரியநாயகி எழுந்துவந்து துர்காவின் கையைப் பிடித்தாள். "நாளைக்கே மணவாளநல்லூரு போயி பிராதுக்கு ராஜினாமா குடுத்துடலாண்டி. கட்டுன நீ போனாதான் பிராத எடுக்க முடியும். தெரியாம எழுதிட்டன்னு சொல்லிடு. எனக்கு ரெண்டு நாளா வெரலெல்லாம் மரத்துப்போவுது."

"எழுதினதுல தப்பு என்னாம்மா இருக்குது? பேரு போடாமதான எழுதியிருக்கன்" என்று கையை உருவிக்கொண்டாள் துர்கா.

மறுநாள் காலையில் பெரியநாயகியின் கையிலிருந்து பால் சட்டி நழுவியது. அவள் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பயத்தில் நழுவியதா, பாத்திரம் வழுக்கியதா, யாருக்குத் தெரியும்? துர்கா பாலைத் தாண்டிப் போய், ஆணியில் தொங்கிய காலண்டரில் நேற்றைய தேதியைக் கிழித்தாள்.

"இன்னும் எம்பத்திநாலு நாளு இருக்குதும்மா" என்றாள்.