வியாழக்கிழமை வெந்நீர்

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், தெப்ராவில் இருந்த அந்த மாடிவீட்டின் கூரையில் எந்த நேரத்தில் எவ்வளவு வெயில் விழும் என்பது தியாகராஜாவுக்கு அத்துப்படி. அரசாங்கத்தில் மின்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கூரையிலுள்ள சூரியத் தகடுகள் தரும் மின்சாரம் மஞ்சள் கோடாகவும், பேட்டரியில் சேர்வது பச்சைக் கோடாகவும், காற்றின் வெப்பத்தை உறிஞ்சித் தொட்டித் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் இழுப்பது நீலக் கோடாகவும் அவருடைய கைப்பேசியில் ஓடிக்கொண்டிருக்கும். காலைத் தேநீர் ஆறுவதற்குள் மூன்றையும் பார்த்துவிடுவார். பார்ப்பதற்கு அந்த வீட்டில் வேறு முகம் இல்லாமல் போனதும் அதற்கு ஒரு காரணம்.

ஹீட் பம்ப் அவருக்காக வாங்கியதன்று. மனைவி தவமணிதேவி முழங்கால் வலிக்காரி. ஆசிரியையாகப் பல வருடம் நின்றே பாடம் சொன்னதில் வந்த வலி. வெந்நீர் பட்டால்தான் அவளுக்குக் கால் மடங்கும். அவள் இருந்த காலத்தில் நீலக் கோடு தினமும் மாலையில் ஒருமுறை சிறிதாக எழுந்து அடங்கும். வியாழக்கிழமைகளில் மட்டும் முற்பகலில் பெரிய மேடாக உயரும். வியாழக்கிழமை வீடு கழுவக் காளியம்மா வரும் நாள். அன்று ஆண்பிள்ளை வீட்டில் நிற்பது இடைஞ்சல் என்பது தவமணி போட்ட சட்டம். கோயிலுக்குப் போய்விட்டு, வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு, வெயில் சாய்ந்த பிறகே அவர் திரும்ப வேண்டும். தான் இல்லாத நேரத்தில் அவள் ஆற அமரக் குளிக்கிறாள் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் போன பிறகு நீலக் கோடு படுத்துவிட்டது. அவர் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தார். தொட்டி தன் பாட்டுக்குச் சுட்டு, தன் பாட்டுக்கு ஆறி, ஆறிய அளவுக்கு மட்டும் மறுபடி சுட்டுக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தார், அணைக்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் இருக்கும் மகள் மீனலோசனியின் கைப்பேசியிலும் இதே கோடுகள் தெரியும். ஞாயிறுதோறும் அழைத்து, மின்சாரச் செலவு இவ்வளவு குறைந்துவிட்டதே என்று மெச்சுவாள். ஒரு மனிதர் குறைவாக வாழ்வதைத்தான் மெச்சுகிறோம் என்பது அவளுக்குத் தோன்றியிருக்காது.

ஆட்டைத் திவசம் முடிந்து, வருடச் சடங்குக்கு வந்த உறவினரும் கலைந்துபோன பிறகு வந்த வியாழக்கிழமை, பழைய சட்டப்படியே வீட்டைக் காளியம்மாவிடம் விட்டுவிட்டு வந்து, உணவகத்தில் இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் கைப்பேசியைத் திறந்தார். நீலக் கோடு எழுந்து நின்றது. அதே முற்பகல், அதே மேடு. சோறு ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அறிவு அவரிடம் உடனே ஒரு பெயரைச் சொன்னது. அந்தப் பெயரைக் கேளாதவர்போல் இருந்துவிட்டார். வேறொரு பெயருக்கு ஒரு வாரமாவது இடம் கொடுத்துப் பார்க்க அவருக்கு ஆசையாக இருந்தது.

அடுத்த வியாழனும் மேடு வந்தபோது, குழாயில் எங்காவது கசிவு இருக்கலாம் என்று தமக்கே சாக்குச் சொல்லி, தொட்டியைப் பொருத்திய அர்ச்சுனனை வரவழைத்தார். அவன் வால்வு, உணரி எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"லீக் ஒன்னும் இல்ல சார். யாரோ நல்லாக் குளிக்கிறாங்க லா. வீட்ல வேற யாரு இருக்காங்க?"

யாரும் இல்லை என்றார் தியாகராஜா. அவன் ஒருமுறை மாடிப் படிக்கட்டை அண்ணாந்து பார்த்தான். பிறகு சாமான்களை வழக்கத்தைவிட வேகமாகப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

மூன்றாவது வியாழக்கிழமை அவர் கோயிலுக்குப் போகாமல் பாதி வழியில் திரும்பிவிட்டார். காரைத் தெருமுனையில் நிறுத்தி, பின்கதவு வழியாகச் சமையலறைக்குள் வந்தார். தவமணியின் குளியலறையிலிருந்து தண்ணீர் விழும் சத்தமும் காளியம்மாவின் குரலும் கேட்டன.

"சாரு பாத்ரூம்ல சுடுதண்ணி பைப்ப திருப்பவே முடியல டீச்சர், எறுகிப்போய்க் கெடக்கு. இவ்ளோ பெரிய தொட்டிய வச்சிக்கிட்டு பச்சத்தண்ணில குளிக்கிறாரு. ஐயோ அலமாக், கஞ்சப் பிசினாறின்னு சொன்னா நீங்க கோவிச்சிக்குவீங்க."

பிறகு பேச்சு நின்றது. தவமணி ஒரு பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாளோ அவ்வளவு நேரம் நின்றது. அதன் முடிவில் காளியம்மா சிரித்தாள். அந்த இடைவெளிக்குள் தமக்கும் ஏதாவது கேட்காதா என்று தியாகராஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர்தான் கேட்டது. வந்த வழியே வெளியேறிக் கதவை ஓசைப்படாமல் சாத்தினார். அவருக்குக் கோபம் வரவில்லை. அவரால் பேச முடியாத ஒருத்தியோடு இன்னொருத்தி இவ்வளவு சாதாரணமாகப் பேசுகிறாளே என்ற பொறாமைதான் காருக்குள்ளும் கூடவே வந்து உட்கார்ந்தது.

ஆயினும், அந்த வீட்டில் ஒரு குரல் இருக்கிறது. அது நிற்கக் கூடாது. அவர் தீர்மானித்தது இவ்வளவுதான். அதற்கு அவர் செய்தது அவருடைய தொழிலுக்கு உரிய செயல்: தொட்டியின் வெப்ப அளவை உயர்த்தினார், வியாழன் காலை வெயிலிலேயே தண்ணீர் நன்றாகச் சுட்டுவிடும்படி நேரத்தையும் மாற்றி வைத்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதாகவே அவர் எண்ணம். அமைப்பு மாறிய செய்தி மகளுக்கும் போனது. அப்பா ஒருவழியாக வெந்நீரில் குளிக்கத் தொடங்கிவிட்டார் என்று அவள் மகிழ்ந்து எழுதினாள். அவர் மறுக்கவில்லை.

அந்த வியாழன் மேடு பாதியிலேயே அறுந்தது. அதற்கடுத்த வியாழன் கோடு எழவே இல்லை.

மறுவாரம் காளியம்மா வந்தபோது தியாகராஜா வெளியே போகாமல் வரவேற்பறையில் காத்திருந்தார். அவள் துடைப்பத்தை எடுக்கவில்லை. வீட்டுச் சாவியை மேசையில் வைத்தாள். செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சிறுவயதிலேயே பால்வாளி தூக்கியவள். நிற்கும்போது ஒரு காலை மாற்றி ஒரு காலில்தான் நிற்பாள்.

"முட்டி முடியல சார். வேற ஆளு பாத்துக்குங்க."

தண்ணீர் அதிகமாகச் சுட்டுவிட்டதா என்று அவர் கேட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப தெரிஞ்சிதான் சூட்ட ஏத்தி வச்சிருக்கீங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல? கேக்காம தண்ணியக் கொதிக்க விட்டா நான் என்னான்னு நெனைக்கிறது?"

"உங்களுக்காகத்தான் கூட்டி வச்சனான், காளியம்மா." பதற்றத்தில் அவருக்கு வீட்டுத் தமிழ்தான் வந்தது. "நல்லாச் சுடட்டும் எண்டுதான்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அவர் முன்னால் உட்கார்ந்தது அதுவே முதல்முறை. பிறகு மெதுவாகச் சொன்னாள். அந்த வெந்நீர் டீச்சர் கொடுத்த பழக்கம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் முக்காலி போட்டு, நடுவில் ஒரே அகன்ற பேசின் பாத்திரத்தை வைத்து, இரண்டு பேரும் அதில் காலை ஊறப்போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சு முடியாவிட்டால் தண்ணீரை மாற்றிக்கொள்வார்கள். டீச்சர் போன பிறகு, வருடம் திரும்பும்வரை அந்தக் குளியலறையில் இவள் சுகத்துக்கென்று கால் வைக்கவில்லை, துடைத்துவிட்டு வந்துவிடுவாள். வருடம் திரும்பியதும், ஒருநாள், சும்மா உட்கார்ந்து பார்த்தாள்.

வீடு கழுவுவதற்காகத்தானே என்னை வெளியே அனுப்பினாள் என்று தியாகராஜா கேட்டார். காளியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். வீட்டைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள் என்றாள்.

எத்தனையோ வருடத்து வியாழக்கிழமைகளின் மேடுகளை அவர் மனத்துக்குள் வரிசையாகப் பார்த்தார். ஒவ்வொன்றின் உயரமும் அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே இரண்டு பேர் இருந்தது தெரிந்திருக்கவில்லை.

"என்னைப் பற்றி என்ன சொல்லுவா?"

காளியம்மா யோசித்தாள். மறந்துபோனவளைப்போலத் தெரியவில்லை.

"உங்ககிட்ட சொல்றதுக்கா சார் என்கிட்ட சொன்னாங்க?"

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

"சூட்ட பழைய அளவுக்கே வைங்க. வச்சிட்டுக் கெளம்புங்க. நீங்க இருந்தா எனக்குப் பேச்சு வராது."

அவர் கிளம்பினார். கோயிலுக்குப் போகத் தோன்றவில்லை. நேராக உணவகத்துக்குப் போய், கைப்பேசியிலேயே வெப்ப அளவைக் குறைத்தார். குறைத்த பிறகுதான் உறைத்தது: தொட்டியில் இருக்கும் தண்ணீர் குறித்த அளவைவிட இன்னும் சூடாக இருக்கிறது, எவ்வளவோ தண்ணீர் செலவானால் ஒழிய ஹீட் பம்ப் ஓடாது, கோடும் எழாது. அவள் உட்கார்ந்தாளா, துடைத்துவிட்டுப் போய்விட்டாளா என்பதை இன்று எதைப் பார்த்தும் தெரிந்துகொள்ள முடியாது. வீட்டுக்குப் போகவும் முடியாது. ஒருவருக்கு மட்டும் விரித்த இலைக்கு முன்னால், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

மோர் வந்த நேரத்தில் கைப்பேசி அதிர்ந்தது. மகள் எழுதியிருந்தாள்: ஏன் அப்பா சூட்டைக் குறைத்தீர்கள்? ஆனாலும் பம்ப் ஓடத் தொடங்கியிருக்கிறதே, இவ்வளவு தண்ணீரா, இப்போது குளித்துக்கொண்டிருக்கிறீர்களா?

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நீலக் கோட்டைத் திறந்து பார்த்தார். அது எழுந்துகொண்டிருந்தது. ஒருத்தி இரண்டு பேருக்கான தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எச்சில் படாத இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அவர் பதில் எழுதினார்.

"ஓம் பிள்ளை. குளிச்சுக்கொண்டிருக்கிறன்."