எஸல் பிங்க்னியின் எடை

ஸ்டோக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஓட்டக்காரன் எஸல் பிங்க்னி, தனது நான்காவது ஆட்டப் பருவத்தின் முடிவில் ஆயிரத்து நூற்றுப் பதினாறு பவுண்டு எடை இருந்தான். அதில் இருநூற்றுப் பதினெட்டு பவுண்டு மட்டுமே அவனுடையது. மீதியெல்லாம், பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிய அவனைப் பிடித்து வீழ்த்தியவர்கள் அவன்மேல் விட்டுப்போனது. ஒருவன் இடுப்பைக் கட்டி இழுத்தால் அரைப் பவுண்டு, இரண்டு மூன்று பேர் மேலே விழுந்தால் ஒரு பவுண்டுக்கு மேல் என்று ஏறிக்கொண்டே வந்தது. ஏறியது எதுவும் இறங்கவில்லை. பார்வைக்கு ஆள் மாறவே இல்லை. முப்பத்துநான்கு அங்குல இடுப்பு அப்படியே இருந்தது, பழைய சட்டைகள் பொருந்தின. அணியின் மருத்துவர் தராசில்தான் கோளாறு என்று மூன்று தராசுகளை மாற்றிப் பார்த்தார். பிறகு திங்கட்கிழமைதோறும் அவனை ரயில் சரக்குக் கிடங்கின் எடைமேடைக்கு அழைத்துப் போய் நிறுத்தி, எண்ணைக் குறித்துக்கொண்டு, முழங்காலுக்குப் பனிக்கட்டி வைத்து வீட்டுக்கு அனுப்பிவந்தார்.

இதை முதலில் கண்டுகொண்டவள் அவன் மனைவி ரனெட்டா. இருவரும் ஃப்ளோரிடாவில், பெரிய ஏரியின் தென்கரையில் இருக்கும் சவுத் லெவி என்ற கரும்பு ஊர்க்காரர்கள். அந்த ஊரில் கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைக்கும் நாட்களில் புகைக்குள்ளிருந்து பாய்ந்து வரும் முயல்களைத் துரத்தித்தான் எல்லோரும் ஓடப் பழகினார்கள். எஸல் கைக்கு அகப்படாத முயல் இல்லை. கல்யாணமாகி வடக்கே, உருக்காலைகள் மூடிக்கிடந்த, அணியின் நகரத்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில், கார் அவன் உட்காரும் பக்கம் தாழ்வதை ரனெட்டா கவனித்தாள். அடுத்த ஆண்டு கட்டில் முறிந்தது. இரும்புக் கட்டில் வாங்கினாள், அது வளைந்தது. மூன்றாம் ஆண்டு கட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டு, நிலவறையின் சிமென்ட் தரையில் மெத்தையை விரித்தாள். எடை வெறும் எடையாகவும் வரவில்லை. பிறந்ததிலிருந்து மீனை ஊறுகாயாகச் சாப்பிட்டறியாத எஸல், மின்னசோட்டாக்காரன் ஒருவன் அவனை நான்கு முறை வீழ்த்திய வாரத்தில் ஊறுகாய் மீன் கேட்டான். ஒரு நவம்பர் மாதம் முழுக்க, தான் வளர்த்தே இராத ஒரு நாய் செத்துப்போனதற்காக வருந்தினான். ரனெட்டா மீன் வாங்கிக் கொடுத்தாள்; நாய்க்காக அவனோடு உட்கார்ந்திருந்தாள்.

நகரம் மகிழ்ச்சியாக இருந்தது. அவ்வளவு எடையுள்ளவனைத் தனியாள் யாரும் தரையில் தள்ள முடியவில்லை. மூன்று பேர், நான்கு பேர் தொங்கிக்கொண்டிருக்க, அவன் எருது போல் இழுத்துக்கொண்டு போனான். அவன் ஓடியபிறகு புல்லில் அடிக்கணக்கில் ஆழமான காலடிகள் கிடந்தன. மைதானக்காரர்கள் மண்வண்டியோடு வந்து நிரப்பினார்கள். அவனுக்கு முன்னால் வழி திறந்துவிடுபவன் ஃபெட்டு லெயாட்டா என்ற சமோவாக்காரன். சுவர் போல நின்று எதிராளிகளைப் பக்கவாட்டில் ஒதுக்குவது அவன் வேலை. ஃபெட்டு ஒதுக்கிய ஆள் எஸலைத் தொடவில்லை. தொடாதவன் எதையும் விட்டுப்போகவில்லை. திங்கட்கிழமை மதியங்களில் ஃபெட்டு அவர்கள் வீட்டுக்கு வந்து, ரனெட்டா சமைத்த மாட்டுவால் குழம்பில் பாதியைத் தானே தின்றுவிட்டுப் போவான்.

நான்காவது பருவம் முடிந்த குளிர்காலத்தோடு எஸலின் ஒப்பந்தம் முடிந்தது. வயது இருபத்தாறு. அணியின் மேலாளர் வெண்டல் ஸ்ட்ரூப் கெட்டவர் அல்ல. ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் எல்லா ஆட்டக்காரர் வீட்டுக்கும் ஒரு கூடை ஆப்பிள் அனுப்புகிறவர். பேச்சுவார்த்தை அன்று அவர் அறையின் நாற்காலி எஸலைத் தாங்காது என்பதால் அவன் வெளியே நடைவழியில் நின்றான். ரனெட்டா உள்ளே போய் உட்கார்ந்தாள். ஸ்ட்ரூப் ஒரு வரைபடத்தை அவள் பக்கம் தள்ளினார். இருபத்தேழு வயதுவரை மேலே போன கோடு அங்கிருந்து மாடிப்படியில் உருண்டு விழுந்தவன் மாதிரி விழுந்திருந்தது.

“ஒளிவுமறைவில்லாம சொல்லிடறேன் மேடம். ஓட்டக்காரங்க வருஷா வருஷம் காலேஜ்லேர்ந்து புதுசா வர்றாங்க. இருபத்தோரு வயசு. கொடுத்ததை வாங்கிட்டு ஓடுவாங்க. இருபத்தேழு ஆனா எல்லாருக்கும் காலு போயிடுது. நான் போட்ட சட்டம் இல்ல இது.”

“இவருக்குப் போகலையே. கடைசி ஆட்டத்துல நாலு பேரை முதுகுல போட்டுக்கிட்டு ஓடினாரே, நீங்க பாக்கலையா?”

“பாத்தேன். எழுந்து நின்னு கை தட்டினேன். ஆனா எல்லா அணிக்கும் செலவுக்கு ஒரு வரம்பு வெச்சிருக்காங்க. அதுக்கு மேல ஒரு டாலர் போக முடியாது. இவருக்கு அள்ளிக் கொடுத்தா இன்னொருத்தருக்கு இல்லாம போகும். ஃபெட்டுவுக்கும் இந்த வருஷம்தான் முடியுது. யாரு வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

“அதை என் தலையில கட்டாதீங்க சார். என் வீட்டுக்காரர் சுமந்துக்கிட்டு அலையறது உங்க மைதானத்துல ஏறின சுமை. அதை இறக்கி வெக்க ஒரு வழி சொல்லுங்க. எங்களுக்கு ஒண்ணும் வேணாம், ஊருக்குப் போயிடறோம். முடியாதுன்னா சுமக்கறதுக்கு உண்டான கூலியைக் கொடுங்க.”

ஸ்ட்ரூப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியிலிருந்து எஸலின் குரல் வந்தது: “ரனெட்டா, சீக்கிரம் முடிம்மா. இங்க தரை விரிசல் விடுது.”

நேயர்கள் தொலைபேசியில் பேசும் வானொலி நிகழ்ச்சியில் ஒரு மாதம் இதே பேச்சாக இருந்தது. “கருங்கல்லுக்கு யாராவது அம்பது மில்லியன் கொடுப்பானா?” என்று ஒருவன் கேட்டான். ஒருவன் பத்து அடி ஓடுகிற நேரத்தில் பந்தை எறிந்தால் நாற்பது அடி போகும்போது ஓட்டக்காரன் எதற்கு என்று இன்னொருவன் கேட்டான். முப்பது ஆண்டு உலையில் கரி தள்ளிய ஒரு கிழவர் இருமி இருமிப் பேசினார்: “என் நெஞ்சுல போனது போனதுதான், யாரும் திருப்பித் தரல. அந்தப் புள்ளைக்காவது கொடுத்துத் தொலைங்கடா.” அந்தக் கிழவர் வைத்தபிறகு ரனெட்டா தொலைபேசியில் வந்தாள். தன் கணவனின் அன்றைய எடையைச் சொன்னாள், அதில் அவனுடையது எவ்வளவு என்று சொன்னாள், வைத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை காலை, பிப்ரவரிப் பனியில், நாற்பதாயிரம் பேர் வீட்டிலிருந்த கனமான பொருள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் வாசலுக்கு வந்தார்கள். பட்டறைக் கல், தையல் இயந்திரம், செத்துப்போன தகப்பனின் கருவிப்பெட்டி, குளியல் தொட்டி. ஒரு பெண் தன் மாமியாரைத் தூக்கி வந்தாள். மாமியாருக்கும் அதில் சம்மதம்தான். ஒருவரும் கத்தவில்லை. இருட்டும்வரை அப்படியே சுமந்துகொண்டு நின்றுவிட்டுப் போனார்கள். செவ்வாய்க்கிழமை அணியின் உரிமையாளர் ஸ்ட்ரூப்பைக் கூப்பிட்டு அனுப்பினார். மார்ச் மாதம் எஸல் கையெழுத்துப் போட்டான்: நான்கு ஆண்டு, ஐம்பத்தாறு மில்லியன் டாலர், ஓடினாலும் ஓடாவிட்டாலும் பாதி உறுதி. அதே வாரம் ஃபெட்டு மேற்குக் கரை அணி ஒன்றுக்குப் போனான்.

புறப்படும் முன் ஃபெட்டு அவர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் சாப்பிட்டான். வாசலில் ரனெட்டாவின் தோளில் கை வைத்து, “தங்கச்சி, நீ செஞ்சதுல தப்பே இல்ல. என் பொண்டாட்டியா இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பா. ஆனா இனிமே அவன் ஓடும்போது நீ பாக்காத” என்றான்.

அவள் பார்த்தாள். ஃபெட்டு நின்ற இடத்தில் இப்போது குறைந்த சம்பளத்துக்கு வந்த ஒருவன் நின்றான். நல்ல பையன்தான், ஆனால் எதிராளிகள் அவனைக் கதவு மாதிரித் திறந்துகொண்டு வந்தார்கள். எஸல் பந்தை வாங்கி இரண்டடி வைப்பதற்குள் ஐந்தாறு பேர் அவன்மேல் இருந்தார்கள். முன்பு ஒரு ஆட்டத்துக்கு இருபது முறை ஓடியவனை முப்பது முறை ஓடவிட்டார்கள். “இவ்வளவு கொட்டிக் கொடுத்துட்டு பெஞ்சுல உக்கார வெச்சு அழகு பாக்கவா?” என்றார் பயிற்சியாளர். வெறும் கையோடு மைதானத்தில் உட்கார்ந்திருந்த சனங்களும் அதையே கேட்டார்கள். ஐந்தாவது பருவ முடிவில் எடை ஆயிரத்து எழுநூற்றைத் தாண்டியது. விமானத்தில் அவனை ஏற்ற மறுத்ததால் வெளியூர் ஆட்டங்களுக்குச் சரக்கு ரயிலில், வியாழக்கிழமையே, ஒரு போர்வையோடும் சாப்பாட்டுப் பெட்டியோடும் தனியாகப் போனான். திரும்பி வந்தவன் ஒருநாள் காலையில் ரனெட்டாவைப் பார்த்து மிகவும் பணிவாக, “டார்லீன், நான் வீட்டுக்கு வரலாமா?” என்று கேட்டான். ரனெட்டா விசாரித்தாள். கான்ஸாஸ் பக்கத்துத் தடுப்பாட்டக்காரன் ஒருவனுடைய மனைவியின் பெயர் அது. அவள் அவனை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. “வரலாம்” என்று ரனெட்டா சொன்னாள். அவன் உள்ளே வந்து காலணியைக் கழற்றினான்.

ஆறாவது பருவத்தின் பதினோராவது ஆட்டத்தில் அவனை யாரும் தொடவில்லை. அபூர்வமாக வழி திறந்தது. அவன் தனியாக ஓடினான். அறுபதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். எல்லைக்கோட்டுக்குப் பன்னிரண்டு கெஜம் இருக்கும்போது வலது முழங்கால் விட்டுக்கொடுத்தது. அந்தச் சத்தம் மேல்தட்டு இருக்கைகள்வரை கேட்டது. அவன் விழுந்த இடத்தில் மைதானம் குழிந்து, அடியிலிருந்த வடிகால் குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சியது. தூக்குவண்டி வரும்வரை இருபது நிமிடம் அந்தத் தண்ணீரில் கிடந்தான். பந்தை மட்டும் விடவில்லை. மருத்துவர் கேட்டும் கொடுக்கவில்லை. ரனெட்டா படிக்கட்டில் இறங்கி ஓடிவந்து கேட்டபிறகுதான் கொடுத்தான். அன்று அவன் எடை இரண்டாயிரத்து முந்நூற்று நான்கு.

ஸ்ட்ரூப் மருத்துவமனைக்கு வந்து நடைவழியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உறுதியளித்த பணம் ஒழுங்காக வந்து சேர்ந்தது. மீதி இரண்டு ஆண்டுகளை ஒரே கடிதத்தில் ரத்து செய்துவிட்டார்கள். அடுத்த பருவத்துக்கு இருபத்தோரு வயதுக்காரன் ஒருவனைக் குறைந்த சம்பளத்துக்கு எடுத்தார்கள். அவன் எஸலின் முதல் ஆண்டைவிட அதிக தூரம் ஓடினான். ஓட்டக்காரனுக்கு அள்ளிக் கொடுக்கலாமா கூடாதா என்று வானொலியில் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டு தரப்பும் சாட்சிக்கு இழுப்பது எஸலைத்தான்.

சரக்கு ரயிலிலும் பிறகு கரும்பு வண்டியிலும் ஏற்றி அவனைச் சவுத் லெவிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே மண் கறுப்பாக, பஞ்சு போல இருக்கும். எஸல் நின்ற இடத்தில் வாரத்துக்கு ஓர் அங்குலம் இறங்கினான். கடற்கரையில் பளிங்குத் தரை போட்ட வீடு வாங்கப் பணம் இருந்தது. எஸல் வேண்டாம் என்றான். முதலில் ஊன்றுகோலோடு இடம் மாறி மாறி நின்றான்; தோட்டமெங்கும் பள்ளமானது. பிறகு முழங்கால் அதற்கும் ஒத்துழைக்கவில்லை. ரனெட்டா பின்னறையின் பலகைத் தரையைப் பெயர்த்தெடுத்துவிட்டு அவனை நேராக மண்ணில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். அந்த ஊரில் மண் எப்படியும் ஆண்டுக்கு ஓர் அங்குலம் தாழ்கிறது. எல்லா வீட்டு வாசலிலும் படிகள் கூடிக்கொண்டே போகும். ஆகவே பக்கத்து வீட்டு மிஸ் அர்டீலியா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “உனக்குக் கொஞ்சம் வேகமா இறங்குது, அவ்வளவுதான்” என்று சொல்லிப் போனாள்.

அவன் தலை தரைமட்டத்துக்குக் கீழே போன அன்று மதியம், குழியின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மூன்று ஆண்டுகளாகக் கேட்காததை ரனெட்டா கேட்டாள்.

“நான் அன்னிக்கு அந்த ரூமுக்குள்ள போயிருக்கக் கூடாதோ?”

எஸல் வெகுநேரம் யோசித்தான். எந்த ஆள் யோசிக்கிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“நீ கேட்டது நியாயந்தான்” என்றான். பிறகு, “ஃபெட்டு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றான்.

இரண்டும் அவன் சொந்தக் குரல்தான். ரனெட்டா தலையை ஆட்டினாள். அழுவதற்குச் சமையலறைக்குப் போனாள். போன இடத்தில் அழுகை வராமல் அரிசியைக் களைந்து வைத்தாள்.

ஒன்பதாவது அடியில், ஒரு ஜூன் மாதம், எஸலின் கால் சுண்ணாம்புப் பாறையைத் தொட்டது. அதன்பின் இறங்கவில்லை. ஒரு மாதம் கோடு போட்டுப் பார்த்துவிட்டு ரனெட்டா ஆட்களை வரவழைத்தாள். அவர்கள் பக்கங்களுக்குச் சுவர் எழுப்பி, ஊற்றுத் தண்ணீரை இறைக்க ஒரு பம்பு வைத்து, பதினாறு படிகள் கட்டிக்கொடுத்தார்கள். கட்டிலும் அடுப்பும் கீழே போயின. ரனெட்டாவும் கீழேயே குடியேறினாள். இப்போது தபால்காரர் கடிதத்தோடு இறங்கி வந்து, எஸலோடு ஆட்டம் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஏறிப் போகிறார். மாம்பழக் காலத்தில் மிஸ் அர்டீலியா கூடையோடு வந்தாள். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, “இதெல்லாம் சரிதான், பிடிச்சுக்க ஒண்ணும் இல்லையே, வயசானவ எப்படி வர்றது?” என்று கோபித்துக்கொண்டாள். அது நியாயமான புகார் என்பதால் ரனெட்டா அந்த வாரமே இடப்பக்கம் ஒரு மரக் கைப்பிடி வைத்துக்கொடுத்தாள்.