கப்பலேறிய பல்செட்

சுரங்கத்தில் வேகனுக்குக் கரி அள்ளிப்போடும் லோடுமேன் ஒரு தும்மல் தும்மினார். வாயிலிருந்த பல்செட் பறந்துபோய் வேகனுக்குள் விழுந்தது. எட்டிப் பார்ப்பதற்குள் அதன்மேல் ஒரு மலை கரி கொட்டி, ரயிலும் கிளம்பிவிட்டது.

அன்றிலிருந்து அவருக்கு ஊறவைத்த ரொட்டிதான். புதுப் பல் கட்ட வசதியில்லை. மனைவி பிசைந்து கொடுப்பாள். அவர் சுவரைப் பார்த்தபடி விழுங்குவார்.

மனைவிக்கு மின்நிலையத்தில் வேலை. சுரங்கத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு மதில்தான். ஆனாலும் உள்ளூர்க் கரி அங்கே எரியாதாம். மூன்று மடங்கு விலையில், கப்பலில் வரும் வெளிநாட்டுக் கரிதான் எரியுமாம். கப்பல் தாமதமானால் ஊரே இருட்டு. அந்த உசத்திச் சரக்கு பெல்ட்டில் ஓடும்போது கல் பொறுக்குவது அவள் வேலை.

ஒரு மத்தியானம் கல்லோடு கல்லாகப் பல்செட் வந்தது. ஈறில் குத்துகிறதென்று அவளே அரம் போட்டுத் தேய்த்த கடைவாய்ப்பல் அப்படியே இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் பல்லுங்க இது" என்று சந்தோஷத்தில் சத்தமாகச் சொல்லித் தொலைத்தாள். அவ்வளவுதான், சுரங்கத்திலிருந்து லோடுமேனையும் வரவழைத்து, இருவரையும் மேனேஜர் அறைக்குக் கூட்டிப்போனார் சூப்பர்வைசர். ஊரில் ஃபேன் சுற்றவில்லை. அங்கே ஏ.சி. குளிரில் பல் கிடுகிடுத்தது, பல் இருந்தவர்களுக்கு.

மேனேஜர் மேஜைமேல் கிடந்ததைப் பார்த்து மூக்கைப் பொத்தினார். "பெரியவரே, இது கடல் தாண்டி வந்த கரி. இதுல உங்க பல்லு எப்படி வரும்?"

"நீந்திப் போயிருக்கும் சார்," என்றாள் மனைவி. "எங்க வீட்டுல அதுக்குத்தான் தைரியம் ஜாஸ்தி."

"உங்க பல்லுன்னா கரியும் உங்க ஊர்க் கரின்னு ஆயிடும். வெளிநாட்டுக்காரன் எவனோ தொலைச்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க."

லோடுமேனுக்கு வறுத்த கடலை ஞாபகம் வந்தது. எச்சில் ஊறியது. பல்லை எடுத்து மாட்டினார். பூட்டில் சாவி விழுந்தமாதிரி உட்கார்ந்தது. நாக்கால் ஒரு சுற்றுத் துழாவினார். அந்த ருசி அவர் முப்பது வருஷமாகத் தின்ற தூசி.

"மூணாம் குழிக் கரி சார் இது," என்றார். "பல்லும் என்னோடதுதான்."

மேனேஜர் முகம் கறுத்தது. "கழட்டி வைய்யா."

எச்சில் சொட்டச் சொட்ட மேஜைமேல் வைத்தார். சாட்சி அங்கே இளித்துக்கொண்டு கிடந்தது. அதை அழித்தாக வேண்டும், தொடத்தான் ஆளில்லை. மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் கூரையைப் பார்த்தார்.

"த்தூ, அசிங்கம். நீயே எடும்மா. பாய்லர்ல போட்டுட்டு வா."

"சரிங்க சார்."

கூடவே போன சூப்பர்வைசர், பாய்லருக்குள் ஏதோ விழுந்த சத்தம் கேட்டுத் திருப்தியாகத் திரும்பினார். விழுந்தது கல். கல்லுக்கா அவளிடம் பஞ்சம்?

வீட்டில் கரண்ட் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் லோடுமேன் பல்செட்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, இறக்கி, மறுபடி போட்டார்.

"கரி போயிடுச்சு, போதும்," என்றாள் மனைவி.

"கரி சுத்தமான சாமான்டி. அந்த மேஜைமேல வெச்சுத் தொலைச்சேனே, அதுக்குத்தான்."