சலூன் கண்ணாடியில் கண்ட ஆள்

கோணிப்பைக்குள் மூச்சு முட்டியது. கண்ணுக்கு நேரே இரண்டு ஓட்டை. அதன் வழியாகத்தான் கன்னையா திடலைப் பார்த்தான்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் ஆண்கள் அத்தனை பேரும் வெயிலில் வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் ஜப்பான்காரன் லோரி. அதில் ஏறியவன் எவனும் இதுவரை வீடு திரும்பியதில்லை.

"ஞாபகம் இருக்குல்ல?" ஜப்பான்காரனுக்கு மொழிபெயர்க்கும் துபாசி பைக்கு மேலேயே கிசுகிசுத்தான். "வாயத் தொறக்காத. அவன் முன்னாடி நின்னு தலைய ஆட்டு. நீ வீட்டுக்குப் போயிடலாம்."

ஒரே ஒரு தலையசைப்பு. உமர் பாய் லோரிக்கு. கன்னையா வீட்டுக்கு.

எல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தால் வந்த வினை. போன வாரம் மழைக்கு நடுவே, சலூனுக்கு எதிரே இருந்த கிடங்குச் சுவரில் எவனோ அதை ஒட்டிவிட்டுப் போனான். திட்டு இல்லை, கோஷம் இல்லை. 'சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களில் ஒருவராவது திரும்பி வந்தாரா?' அவ்வளவுதான். வெடிகுண்டுக்குக்கூட ஜப்பான் ராணுவப் போலீஸ் கெம்பெத்தாய் இப்படி அலறியிருக்காது.

அந்த நேரம் கன்னையா சலூன் நாற்காலியில், கன்னமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தான். ஒட்டியவனின் முகம் தெரியவில்லை. மழைக்காகத் தலையில் சாக்கைக் கவிழ்த்திருந்தான். தெரிந்தது கைலிச் சொருகல் மட்டும். இடப்பக்கம்.

இடப்பக்கம் சொருகினால் முஸ்லிம், வலப்பக்கம் என்றால் இந்து. இது அந்த வட்டாரத்தில் குழந்தைக்கும் தெரியும். முஸ்லிம்களில் இவ்வளவு துணிச்சல் யாருக்கு? ரொட்டிக் கடை உமர் பாய்க்குத்தான். கன்னையா கணக்குப் போட்டுவிட்டான். கள்ளுக்கடையில், "நான் பாத்தேன்லா, ஆளு யாருன்னு எனக்குத் தெரியும்" என்று மார்தட்டவும் செய்தான்.

மறுநாளே கெம்பெத்தாய் ஆட்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வயிறு புடைக்கும்வரை வாயில் தண்ணீரை ஊற்றி, வயிற்றின்மேல் ஏறி மிதித்தார்கள். தண்ணீரோடு உமர் பாய் பெயரும் வெளியே வந்தது.

இப்போது உமர் பாய் எதிரே நின்றார். கைலி இடப்பக்கம்தான். பயமே இல்லாமல் ஓட்டைகளுக்குள் உற்றுப் பார்த்தார்.

"யாருப்பா உள்ள? தலையாட்டியா? ஆட்டு, ஆட்டு. எங்க கன்னையாவ விட நல்லாவா ஆட்டிடப் போற? வெள்ளக்காரனுக்கும் ஆட்டுனான், இவனுக்கும் ஆட்டுனான். கழுத்துல எலும்பே இல்லாத பய." குரல் சட்டென்று தணிந்தது. "பாவம், அவனையும் புடிச்சிட்டுப் போயிட்டீங்களேடா. உசுரோட இருக்கானா?"

கன்னையாவுக்குள் எதுவோ இடறியது. அன்று சலூன்காரன் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது.

"சுவத்துல என்னலா எழுதியிருக்கு? எழுத்தே வெளங்கல" என்று கன்னையா கேட்டிருந்தான்.

"கண்ணாடியில பாத்தா எப்படிண்ணே வெளங்கும்? திரும்பிப் பாருங்க."

கண்ணாடி!

எழுத்து மட்டுமா கண்ணாடியில் தெரிந்தது? ஆளும் அதில்தானே தெரிந்தான்? அப்படியானால் அந்தச் சொருகல் இடப்பக்கம் இல்லை.

பைக்குள் வியர்வை கொட்டியது. ஓட்டை வழியே வரிசையைப் பார்த்தான். வலப்பக்கம் சொருகியவர்கள் எத்தனை பேர்! இவனா, அவனா? யாராகவும் இருக்கலாம். கழுத்து ஆடத் தயாராகத்தான் இருந்தது, பழக்கம். முதல் தடவையாக அதை இறுக்கிப் பிடித்தான்.

"டேய், ஆட்டுடா!" துபாசி காதோரம் வந்து சீறினான்.

"தெரியலிங்க." கன்னையாவின் முனகல் துபாசிக்கு மட்டும்தான் கேட்டது.

"நேத்து தெரிஞ்சுது?"

"நேத்து தெரிஞ்சுது. இன்னைக்குச் சந்தேகமா இருக்கு. நான் கண்ணாடியிலதான் பாத்தேன்."

துபாசி ஜப்பான் அதிகாரியிடம் சொன்னான். பதில் ஒரே குரைப்பாக வந்தது.

"சந்தேகமெல்லாம் வேணாங்கிறாரு. ஆமாவா, இல்லையா? இல்லன்னா வேற பேரு சொல்லு. எவன் பேருன்னாலும் பரவாயில்ல. உன் உசுருடா, முட்டாப் பயலே!"

எவன் பேரும். வரிசை முழுக்கப் பெயர்கள்தான். ஒன்றைச் சொன்னால் மனைவி பவுனம்மாள் கையால் இன்றைக்கு மரவள்ளிக்கிழங்கு தின்னலாம்.

"யாருன்னு எனக்குத் தெரியாது" என்றான் கன்னையா.

அதிகாரி எட்டி வந்து கோணிப்பையை உருவி எறிந்தான். வெயில் முகத்தில் அறைந்தது. வரிசை மொத்தமும் "ஆ" என்றது.

உமர் பாயின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மெல்ல, "நீயாடா?" என்றார். காறி முகத்தில் துப்பினார்.

"பாய், நான் ஆட்டல—"

துப்பாக்கிக் கட்டை வாயில் இறங்கியது. மிச்ச வார்த்தை ரத்தமாக வந்தது.

"ஒரு ஆளு வேணும்னாங்க. கெடச்சாச்சு" என்று துபாசி யாருக்கோ சொல்லிக்கொண்டான்.

லோரியில் தூக்கிப் போட்டார்கள். பலகை இடுக்கு வழியே கன்னையா பார்த்தான். உமர் பாய் திடலிலேயே நின்றார், உயிரோடு, முறைத்தபடி. தன்னைக் காட்டிக்கொடுக்க வந்தவன் கன்னையா என்பதில் அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை. அந்த நிச்சயம் கன்னையாவுக்குப் புதிதல்ல. கள்ளுக்கடையில் மார்தட்டியபோது அவன் முகத்திலும் இதுதான் இருந்தது.

லோரி உறுமிக் கிளம்பியது.